முன்னேறிய தகப்பன்

குழந்தை பிறக்க இரண்டு பேர் போதும் என்றுதான் பெயின்டர் நினைத்துக்கொண்டிருந்தான். பதினோரு பேர் கொண்ட மேம்பாட்டுக் குழு ஒன்றும் வேண்டும் என்பது ஏழாம் மாதத்தில்தான் அவனுக்குத் தெரியவந்தது.

பெயின்டர் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன் இல்லை, எழுத்து எழுதுகிறவன். கடைப் பலகை, வண்டி நம்பர், 'இங்கே குப்பை கொட்டாதீர்', 'நாய் ஜாக்கிரதை' எல்லாம் அவன் கைவண்ணம். எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதை ஊரில் பாதிப் பேர் அவன் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு, செய்தார்கள். அவன் மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் காலர் சரிபார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு காலர் அவள் கண்ணைத் தாண்டிப் போகும். ஒரு தையல் விலகியிருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் என்று பெயின்டர் சொல்வான். "பாத்தும் ஏமாந்துட்டேன்" என்பாள் அவள்.

அவளுக்கு வலியைக் கண்டு பயமில்லை. முந்தின வருஷம் இதே ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷனுக்குப் போனபோது, தள்ளுவண்டியில் படுக்கவைத்து வராந்தாவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டரை மணி நேரம். யாரும் வரவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. கடந்து போகிறவர்கள் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அது அவள் மனசில் தங்கிவிட்டது. பிள்ளை உண்டானதும் புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வலியெல்லாம் நான் பாத்துக்குறேன். தனியா மட்டும் என்னால முடியாதுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல நின்னா போதும்."

"நிக்கிறேன்" என்றான் அவன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

அதற்கு ஆஸ்பத்திரியில் வழி இல்லாமலும் இல்லை. உடனிருப்போர் அட்டை என்று ஒன்று உண்டு. அது கையில் இருந்தால் பிரசவ அறைக்குள் கணவனை விடுவார்கள். அட்டை வேண்டுமென்றால் இருவரும் பேறுகாலக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த வகுப்பு அரை மணி நேரம்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. பிரசவ வார்டு ஆயாம்மா வந்து உட்கார்ந்து மூன்று விஷயம் சொல்வார். வலி விட்டு விட்டு வந்தா கிளம்பி வாங்க. தண்ணி உடைஞ்சா எதுக்கும் நிக்காம வாங்க. பயமா இருந்தா சும்மாவாவது வாங்க, நான் திட்ட மாட்டேன். வகுப்பு முடிந்தது, எழுந்து போகலாம். பிறகு அதை மேம்படுத்தினார்கள். மேம்படுத்தியதில் அது ஆறு சனிக்கிழமை, இருநூற்றுப் பதினான்கு படம், ஒரு நுழைவுத் தேர்வு, ஒரு நிறைவுத் தேர்வு என்று வளர்ந்து நின்றது. ஆயாம்மா மட்டும் மேம்படவில்லை. ஆகவே வகுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

முதல் சனிக்கிழமை, தரைத்தளத்தில் ஒரு நீளமான அறையில் பதினான்கு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் விரல் ரேகை வைக்கும் பெட்டி ஒன்று. வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை வைக்க வேண்டும். நடுவில் யாரும் நழுவிவிடக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். தேர்வில் யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று சுவர் நெடுகப் பழைய படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்புகளுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று பெயின்டருக்குத் தெரியும். நாற்பது விளக்கப் பலகைகள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவனே எழுதியவை. பதினோரு பேரும் ஆளுக்கொரு திருத்தம் சொன்னதால் ஒவ்வொரு பலகையையும் அழித்து அழித்து மூன்று தடவை எழுதினான். 'பனிக்குடம்' என்ற வார்த்தையை முப்பது இடத்தில் எழுதியவனுக்கு அது என்னவென்று தெரியாமலா போகும்?

நுழைவுத் தேர்வில் நாற்பது கேள்வி, பலகைக்கு ஒன்று. பெயின்டர் நாற்பதுக்கு நாற்பது வாங்கினான். பள்ளிக்கூடத்தில்கூட அவனுக்கு அப்படி நடந்ததில்லை. அவன் மனைவி வாங்கியது பதினொன்று. 'வலி தொடங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அவள் 'கத்துவேன்' என்று எழுதியிருந்தாள். சரியான விடை, 'கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வேன்' என்பது.

வகுப்பு முடிந்ததும் மேம்பாட்டு அலுவலர் பெயின்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுத்தமான மனிதர், மேஜையில் தூசி கிடையாது. அவருக்குப் பிள்ளை குட்டியும் கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் தன்னால் நடுநிலையோடு இருக்க முடிகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"உக்காருங்க தம்பி. நாப்பதுக்கு நாப்பது."

"ஆமா சார்" என்று பெயின்டர் கூச்சத்தோடு சிரித்தான்.

"சிரிக்காதீங்க. பெரிய சிக்கல்ல மாட்டிக்கிட்டீங்க."

சிக்கலை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அட்டை மார்க்கைப் பார்த்துக் கொடுப்பதில்லை, முன்னேற்றத்தைப் பார்த்துக் கொடுப்பது. நுழைவுத் தேர்வுக்கும் நிறைவுத் தேர்வுக்கும் நடுவே குறைந்தது பன்னிரண்டு மார்க்காவது ஏறியிருக்க வேண்டும். நாற்பதில் நிற்கிறவன் அதற்கு மேல் எங்கே ஏறுவது?

"எனக்குத்தான் எல்லாம் தெரியுதே சார். போர்டு எழுதினதே நான்தான்."

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நாங்க சொல்லிக் குடுத்துத் தெரிஞ்சா அது கல்வி. நீங்களா தெரிஞ்சுக்கிட்டா எங்களுக்கு அது நஷ்டக் கணக்கு. உங்க பக்கத்துல ஒரு லாரி டிரைவர் உக்காந்திருந்தாரே, அவரைப் பாருங்க. குழந்தை தொப்புள் வழியா வரும்னு எழுதியிருக்காரு. நாப்பதுக்கு ரெண்டு. என்ன அருமையான மனுஷன் தெரியுமா? எங்க குழுவே அவரைத்தான் நம்பியிருக்கு."

"நான் இப்ப என்ன சார் பண்ணணும்?"

"உங்களால சராசரி விழக் கூடாது தம்பி. சராசரி விழுந்தா திட்டம் விழுந்துடும். திட்டம் விழுந்துட்டா தாய்மார்கள் கதி என்ன ஆகும், யோசிச்சீங்களா?" அவர் குரல் தழுதழுத்தது. "மறு நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. புதன்கிழமை வந்து எழுதுங்க. பாத்து எழுதுங்க."

வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தப்பா எழுதுறது ஒரு கஷ்டமா? என்னைக் கேட்டா சொல்லித் தந்துட்டுப் போறேன்."

கஷ்டம்தான். காசு கொடுக்காத கடைக்காரனுக்குக்கூட ஒரு எழுத்தைத் தெரிந்தே தப்பாக எழுதாதவன் அவன். புதன்கிழமை தனியாக உட்கார்ந்து நாற்பது கேள்விக்கும் பார்த்துப் பார்த்துத் தப்பு விடை போட்டான். கடைசிக்கு முந்தின கேள்வி, 'குழந்தை விடாமல் அழுதால்?' என்று இருந்தது. தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்; மூன்று ஏறக்குறைய சரி. மிச்சமிருந்தது 'பிடித்து உலுக்குவேன்'. அதில் அடையாளம் போடும்போது அவனுக்குக் காது சுட்டது. இன்னும் பிறக்காத பிள்ளை எங்கிருந்தோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து வெட்கப்பட்டான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பூஜ்யம் வாங்கியதில் அலுவலருக்குச் சந்தோஷம். ஆனால் கம்ப்யூட்டருக்கு இல்லை. அது அவன் பெயரை எடுத்து 'ஆபத்தான தந்தையர்' பட்டியலில் போட்டுவிட்டது. பட்டியலில் அவன் ஒருவன்தான். கம்ப்யூட்டர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற அலுவலருக்கு அதிகாரமில்லை; அதிகாரம் உள்ளவர் யார் என்று அலுவலருக்குத் தெரியாது. ஆகவே சனிக்கிழமை போதாதென்று செவ்வாயும் வியாழனும் பெயின்டர் தனி வகுப்புக்கு வர வேண்டியதாயிற்று. ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கடைப் பலகைகள் கைவிட்டுப் போயின. அவன் மனைவியை அலுவலர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பயப்படாம சொல்லும்மா. வீட்டுல கை நீட்டுவாரா?"

"அவரா? காலர் மடிப்பு கோணலா இருந்தா நான்தான் அவரை ஒண்ணு வைப்பேன்."

அலுவலர் அதையும் குறித்துக்கொண்டார். மறுநாள் கோப்பில் 'பரஸ்பர வன்முறை' என்று ஏறியிருந்தது.

வகுப்பு எடுத்த பயிற்றுநர் அம்மா ஒரு காலத்தில் பெரிய கைராசிக்காரர். இரண்டாயிரம் குழந்தைகளைக் கையில் வாங்கியவர். வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ததால் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, அந்த வேலையையே செய்யவிடாமல் பண்ணிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவர் கையில் ரிமோட்தான். திரையில் படம் வரும், அதில் இருப்பதை அவர் வாசிப்பார், அடுத்த படம் வரும். நடுநடுவே தன்னையறியாமல் ஏதாவது உபயோகமாகச் சொல்ல வாயெடுப்பார். உடனே கூரையோரம் இருக்கும் கேமராவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்.

கேள்வி இருந்தால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறப்பார்கள். "நைட்டுல கால் மரத்துப் போகுது, அது சரியா தப்பான்னு எம் பொண்டாட்டி கேக்குறா, எழுதிப் போடவா?" என்று லாரி டிரைவர் பெயின்டரிடம் கேட்டான். "போடுண்ணே, பிள்ளைக்குப் பல்லு முளைக்கும்போது பதில் வந்துடும்" என்றான் பெயின்டர்.

எட்டு மாதம் ஆனவர்களுக்கு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போகவேண்டியிருக்கும். பாடத்திட்டத்திலோ ஒரே ஒரு இடைவேளை. தாழ்ப்பாள் போட்ட அறையில், முப்பத்தோராம் படத்தை எடுத்துக்கொண்டு, 'அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஏற்படுவது இயல்பு. ஒருபோதும் அடக்கக் கூடாது' என்று பயிற்றுநர் அம்மா வாசித்தபோது, பதினான்கு பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அறையின் நடுவே ஒரு கட்டிலில் ரப்பர் அம்மா படுத்திருந்தாள். கப்பலில் வந்தவள். ஸ்விட்சைப் போட்டால் வயிறு ஏறி இறங்கும், விரல் மடங்கும், உரிய நேரத்தில் ஒரு ரப்பர் குழந்தை வெளியே வரும். வியர்க்காது, கத்தாது, எதையும் கேட்காது. திட்டத்தைத் தயாரித்தவர்கள் மனசில் இருந்த தாய் அவள்தான் என்பது பார்த்தவுடனே விளங்கும். அவளுக்கு மட்டும் ஒரு மின்விசிறி தனியாகச் சுற்றியது. சூட்டில் ரப்பர் இளகிவிடுமாம்.

நான்காம் சனிக்கிழமை முடிந்து வெளியே வந்தபோது அவன் மனைவியின் பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

"விட்டுடலாங்க" என்றாள். "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"விசாரிச்சுட்டேன்மா. இங்கேருந்து மாத்திக்கிட்டுப் போகணும்னா வகுப்பு முடிச்ச சான்றிதழ் கேக்குறாங்க."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, நடங்க. நீங்க பக்கத்துல நின்னா இதையெல்லாம் மறந்துடுவேன்" என்றாள்.

ஐந்தாம் சனிக்கிழமை நிறைவுத் தேர்வு. பெயின்டர் நாற்பதுக்கு நாற்பது எழுதினான். பூஜ்யத்திலிருந்து நாற்பது. அப்படியொரு முன்னேற்றம் அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவானதில்லை என்று சொல்லி அலுவலர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஆபத்தான தகப்பனா வந்தீங்க, ஆதர்சத் தகப்பனா போறீங்க. அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருது. நாப்பது ஆஸ்பத்திரிக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டுபோகலாமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவங்க முன்னாடி நீங்க செஞ்சு காட்டுறீங்க."

"என்ன சார் செய்யணும்?"

"ரப்பர் அம்மா பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான். முடிஞ்சதும் குழுத் தலைவர் தன் கையால மேடையில அட்டை குடுப்பாரு."

ஆறாம் சனிக்கிழமை காலையில் பஸ்ஸிலேயே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. சொன்னால் அவன் பதறுவான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். வகுப்பறை வாசலில் விரல் ரேகை வைக்கும்போதுதான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மேடையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பயிற்றுநர் அம்மா ஓடிவந்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வயிற்றின்மேல் கை வைத்தார். "ரொம்ப நேரமாகாதும்மா உனக்கு, சீக்கிரமே பொறந்துடும்" என்றார் மெதுவாக. ஆயாம்மா எங்கிருந்தோ சக்கர நாற்காலியோடு வந்து நின்றார். அவளை அதில் உட்காரவைத்து வெளியே தள்ளும்போது, போகும் விரல் ரேகையும் வைத்துவிட்டுப் போகும்படி அலுவலர் நினைவுபடுத்தினார். வைத்தாள்.

பெயின்டர் கூடவே மூன்றாம் மாடிக்கு ஓடினான். பிரசவ வார்டு கதவில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"அட்டை?"

"கீழ இருக்குண்ணே. இன்னிக்குக் குடுத்துடுவாங்க. நான் பாஸ் பண்ணிட்டேன்."

காவலாளி தலைக்கு மேலே கையைக் காட்டினார். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து. 'உடனிருப்போர் அட்டை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. கெஞ்சிப் பயனில்லை.' இரண்டாவது வரி குழு சொன்ன திருத்தம். எழுதியது பெயின்டர்தான், அந்த வரி எடுப்பாகத் தெரியட்டும் என்று எழுத்துக்கு நிழல்கூடக் கொடுத்திருந்தான். இப்போது அதன் கீழே நின்று கெஞ்சினான். பயனில்லை.

"சீக்கிரம் வாங்கிட்டு வந்துடுங்க" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. கதவு மூடிக்கொண்டது.

கீழே அலுவலரின் மேஜை இழுப்பறையில் அட்டை தயாராக இருந்தது. பேர், நம்பர், போட்டோ எல்லாம் ஒட்டியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"சார், இப்பவே போட்டுக் குடுத்துடுங்க சார். மேல அவ தனியா இருக்கா."

"தலைவர்தான் தம்பி போடணும், மேடையில. வந்துக்கிட்டே இருக்காங்க. ஏன் பதறுறீங்க? முதல் பிரசவம் பன்னெண்டுலேருந்து பதினெட்டு மணி நேரம். நாலாம் நம்பர் பலகை. உங்க எழுத்துதானே?"

அவன் எழுத்துதான். அதற்குக் கீழே 'சிலருக்கு விரைவாகவும் நிகழலாம்' என்று ஒரு வரி முதலில் இருந்தது. தாய்மார்கள் குழம்பிவிடுவார்கள் என்று சொல்லி மூன்றாம் திருத்தத்தில் குழு அதை அழிக்கச் சொன்னது. அழித்த இடத்தில் வெள்ளை பூசியதும் அவன்தான்.

மதிப்பீட்டுக் குழு பத்தே முக்காலுக்கு வந்தது. அதற்குள் வேறொரு சங்கடம். பதினான்கு பெண்களில் நான்கு பேருக்கு வகுப்பு முடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது; ஐந்தாவதாகப் பெயின்டர் மனைவி மேலே இருந்தாள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காலி நாற்காலியைப் பார்த்தால் குழு என்ன நினைக்கும்? அலுவலர் மேலே ஆள் அனுப்பி, பிரசவ வார்டு நர்ஸ்கள் ஆறு பேரில் ஐந்து பேரை வரவழைத்து, வயிற்றில் தலையணை கட்டி உட்காரவைத்தார். அவர்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஒரே ஒரு நர்ஸ் மிச்சம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு காலத்தில் இந்த ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பிறந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் எங்கள் துறைக்கு என்ன ஆதாரம் கிடைத்தது? இன்று ஒரு தாய் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் எங்களிடம் பதிவு இருக்கிறது. தாயே இல்லாவிட்டாலும் பதிவு இருக்கும். அந்த அளவுக்கு முறைப்படுத்தியிருக்கிறோம். இதோ, குழந்தையைப் பிடித்து உலுக்குவேன் என்று எழுதிக் கொடுத்த ஒரு மனிதர். ஆறே வாரத்தில் இவரை நாங்கள் என்னவாக மாற்றியிருக்கிறோம் என்பதை நீங்களே பாருங்கள்."

கைதட்டலுக்கு நடுவே ஜன்னல் கம்பிக்கு வெளியே ஆயாம்மாவின் முகம் தெரிந்தது. "தம்பி, அந்தப் பொண்ணு உன்னத்தான் கேக்குது. வலி நெருக்கிடுச்சு. காவக்காரன் அட்டை கேட்டு என்னையும் உள்ள விட மாட்டேங்கறான்."

பெயின்டர் மேடையிலிருந்து இறங்கிக் கதவுப் பக்கம் போனான். அலுவலர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் காதில் சொன்னார். "இப்ப வெளியே போனா அட்டை கிடையாது. அட்டை இல்லாம மேல போய் என்ன செய்வீங்க?"

பெயின்டர் திரும்பி வந்து கட்டில் ஓரம் நின்றான்.

ஸ்விட்சைப் போட்டார்கள். ரப்பர் அம்மாவின் வயிறு ஏறி இறங்கியது. பயிற்றுநர் அம்மா சீட்டைப் பார்த்து வாசித்தார்: "இப்போது கணவர் மனைவியின் கையைப் பற்றுகிறார்." பெயின்டர் பற்றினான். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. "ஆறுதல் மொழி கூறுகிறார்." அவன் மனப்பாடம் செய்ததைச் சொன்னான்: "நீ துணிவு மிக்கவள். நான் உன் அருகில் இருக்கிறேன்." சொன்னதும் அவன் குரல் உடைந்தது. மூன்று மாடிக்கு மேலே ஒருத்தி இதைக் கேட்கத்தானே அத்தனை சனிக்கிழமையும் பாதம் வீங்க வந்து உட்கார்ந்தாள்? அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பயப்படாதம்மா, வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அற்புதம். இது எந்தப் பாடத்துல வருது?"

"உணர்வு மேம்பாடு, நாலாவது வாரம் சார்" என்றார் அலுவலர்.

தலையணை கட்டிய நர்ஸ்களில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். போட்டோ எடுக்கிறவர், அழுத இடம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டார். பெயின்டர் இன்னொரு தடவை அழுதான். அழுகைக்கு ஒன்றும் குறைவில்லை. பிறகு ரப்பர் குழந்தை வெளியே வந்தது, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் முன்னேற்றத்தைப் பற்றி ஏழெட்டு நிமிஷம் பேசினார். பேனாவில் மை வரவில்லை, வேறு பேனா வந்தது, கையெழுத்து விழுந்தது. அப்போது மணி பதினொன்று நாற்பது.

காவலாளி அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய சட்டையில் ஒரு பட்டன் அறுந்திருந்தது.

கோடிக் கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றி ஒரு பெண் குழந்தை. ஆயாம்மா ஈரக் கையோடு நின்றார். ஒற்றை நர்ஸ் மேஜையில் குனிந்து எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்குப் பொறந்துச்சு" என்றார் ஆயாம்மா. "ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலுக்கு ஓடும்? பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அந்தக் காவக்காரனைத் தள்ளிவிட்டுட்டு வந்தேன். வரும்போது தலை தெரிஞ்சாச்சு. அதுவரைக்கும் இது தனியாத்தான் கெடந்துச்சு."

அவள் மெல்லத் திரும்பினாள். கண் சிவந்து, உதட்டில் பல் பதிந்திருந்தது.

"வந்துட்டீங்களா."

"நான் கீழ…" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரப்பர் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்மா."

அவள் அவனையே பார்த்தாள். "அவளுக்கு சுகப்பிரசவமா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. "ஒரு மணி நேரம் இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். கதவு திறக்குற ஒவ்வொரு தடவையும் நீங்கதான்னு நினைச்சேன்." பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். நகம் பதிகிற மாதிரி அவள் இறுக்கினாள்; அவனுக்கு வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தான்.

அலுவலர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் ஒரு படிவம்.

"வாழ்த்துக்கள், வாழ்த்துக்கள். ஆயாம்மா, அட்டை இல்லாம உள்ள வந்ததுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க."

"அப்போ அடுத்த வகுப்புல சேருங்க." அவர் படிவத்தை ஒரு கோப்பின் மேல் வைத்துக் கட்டிலில் வைத்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒரே ஒரு கேள்விதான். குழு கீழ காத்துக்கிட்டிருக்கு. 'பிரசவத்தின்போது கணவர் உடனிருந்தாரா?' ஆமாம், இல்லை, ரெண்டுல ஒண்ணு."

அவள் படிவத்தைப் பார்த்தாள். காலர் பார்க்கிற பார்வை.

"இல்லைன்னு போட்டா?"

"போடலாம், தாராளமா போடலாம். உங்க உரிமை அது." அலுவலர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா உடனிருக்கலைன்னா, அட்டை பயன்படலைன்னு ஆகுது. பயன்படாத அட்டை தானா ரத்தாயிடும்மா. அவரு இப்பவே வெளியே போயிடணும். அடுத்த வகுப்பு சனிக்கிழமை ஆரம்பிக்குது, அதுல முதல்லேருந்து சேரணும்."

"ஆமாம்னு போட்டா?"

"எத்தனை நேரம் வேணும்னாலும் இங்கயே இருக்கலாம். நாப்பது ஆஸ்பத்திரிக்கும் திட்டம் போயிடும்."

ஆயாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயின்டருக்கு அந்தப் படிவத்தைக் கிழித்து அலுவலரின் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. அவள் அவன் கையை விட்டிருந்தால் செய்திருப்பான். அவள் விடவில்லை. பேனாவை வாங்கி, ஒரு நிமிஷம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஆமாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

அலுவலர் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோணல்மாணலா இருக்கேம்மா. கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கு. கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"இடது கையால போட்டேன் சார்" என்றாள் அவள். "வலது கை இப்பத்தான் அவருகிட்ட போய்ச் சேர்ந்திருக்கு. அதை எடுக்க மாட்டேன்."

இதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று அலுவலர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.